போத்தல் எண்ணெயும் சங்லுன் விலையும்

காடி ஒரு தடவை குலுங்கியது. மறுபடியும் குலுங்கியது. அப்புறம், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதையில், நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றேவிட்டது.

முன் சீட்டில் அம்மா பட்டுச் சேலையில் இருந்தார். மடியில் வெற்றிலை பாக்குத் தட்டு. பின்னால் என் பக்கத்தில் ஒரு கூடை ஆரஞ்சும் ஆப்பிளும், அதன் மேல் லட்டுப் பெட்டி. அப்பா, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெ முடிஞ்சிருச்சாங்க?" என்று அம்மா கேட்டார்.

"முடியல. ரெஸ்ட் எடுக்குது" என்றார் அப்பா.

என் தம்பி குணாவுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். பெண் தாய்லாந்துப் பெண். எல்லையைத் தாண்டி, சடாவ் பட்டணத்தையும் தாண்டி, எந்த ஊர் என்று தெரியாத ஒரு ரப்பர் காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் மூன்று பேரிடமும் கைப்பேசி இருந்தது, ஒன்றிலும் லைன் இல்லை. 'எல்ல தாண்டினா காசு புடிப்பான்' என்று எல்லாவற்றையும் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியிலேயே அடைக்க வைத்தவர் அப்பாதான்.

வழி தவறியதும் அவரால்தான். குணா சொன்னது புத்தர் கோயில் தாண்டி இரண்டாவது சந்து. அப்பா கோயிலுக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "பால்மரத்தப் பாத்தேன், கை தானா திரும்பிருச்சி" என்றார். வாழ்நாள் முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால் லாரி ஓட்டியவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது!

வாசகி கேட்ட கேள்வி

அப்பாவின் பால் லாரியைப் பற்றி முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு வாசகி, "உங்கப்பா ரொம்பச் சிக்கனமோ?" என்று நாகரிகமாகக் கேட்டார். கஞ்சமா என்று கேட்க வாய் வரவில்லை, பாவம்.

இல்லை அம்மா, என் அப்பா கஞ்சம் இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இறால் இல்லாமல் சோறு போட விடமாட்டார். எண்ணெய் விஷயத்தில் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். எண்ணெய் என்றால் தாளிக்கிற எண்ணெய் இல்லை, பெட்ரோல். நம் ஊரில் யார் பெட்ரோல் போடப் போகிறார்கள்? எண்ணெய் அடிக்கத்தானே போகிறோம்.

அவருக்கு இந்தப் பிடிவாதம் வந்தது செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில். நாங்கள் லயத்து வரிசை வீட்டில் இருந்த காலம் அது. தோட்டத்துக் கடையில் சவர்க்காரம், கருவாடு, சீனி எல்லாமே பெக்கான் விலையைவிட ஒரு படி மேலே இருக்கும். பட்டணத்தைத்தான் நாங்கள் பெக்கான் என்போம். ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால், "லாரி வாடகை" என்பார் கடைக்காரர். அதிலென்ன வேடிக்கை என்றால், அந்தச் சாமானெல்லாம் பால் டிரம்மை இறக்கிவிட்டுத் திரும்பும் என் அப்பாவின் லாரியில்தான் வந்து இறங்கும், ஓசியில்!

பெட்ரோலும் அந்தக் கடையில் கிடைத்தது. சோடாப் போத்தலில் ஊற்றி, வாயில் துணி அடைத்து வரிசையாக வைத்திருப்பார். பெக்கான் விலைக்கு மேலே அவர் விலை. அதோடு கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்திருக்கும். அப்பாவின் மோட்டார் சைக்கிள் அதைக் குடித்துவிட்டு லயம் முழுக்கப் புகை விடும். கொசு ஒழிந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். அப்பா ஒரு துணியை மடித்துப் புனலில் வைத்து வடிகட்டித்தான் ஊற்றுவார். அப்படியும் மோட்டார் இருமும்.

பெக்கானில் பம்பு வைத்த எண்ணெய் ஸ்டேசனுக்கு முதல் தடவை போன கதையை அப்பா சொல்லாத நாள் கிடையாது. அவருக்கு முன்னால் தோட்டத்துத் துரையின் காடி நின்றதாம். துரை அடித்துவிட்டுப் போனார். அடுத்து அப்பாவின் மோட்டார்.

"துரைக்கு என்ன வெலயோ எனக்கும் அதே வெல! கெஞ்சல் இல்ல, கூழக் கும்பிடு இல்ல. வடக்க பெர்லிஸ்ல அடிச்சாலும் அதே வெல, தெக்க ஜோகூர்ல அடிச்சாலும் அதே வெல. ஆள் பாக்காத சாமான் நாட்டுல அது ஒண்ணுதான்டா!"

இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ அந்தப் பம்பை அவரே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவருக்கு எல்லை தாண்டினால் எண்ணெய் விலை கூடும் என்பது சொந்த அவமானம். "ஒரு சொட்டுத் தாய்லாந்து எண்ணெ என் காடியில ஏறாது" என்று சொல்லிவிட்டார். ஏறவும் இல்லை, இன்றுவரை.

ஆட்டி ஆட்டி அடிப்பது

கெடாக்காரர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற மாநிலத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தாய்லாந்தில் ஹட்யாய்க்குச் சாமான் வாங்கப் போகிற எவனும் சங்லுனில் நிறுத்தாமல் போக மாட்டான். எல்லைக்கு முன்னால் இருக்கிற நம் ஊர் அது. அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவது.

நிரப்புவது என்றால் சாதாரணமாக இல்லை. பம்பு 'டக்' என்று நின்றதும் எல்லாரும் காடியைவிட்டு இறங்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காடியை ஆட்ட வேண்டும். உள்ளே காற்று ஏதாவது ஒளிந்திருந்தால் வெளியே வந்துவிடுமாம். அப்புறம் இன்னும் கொஞ்சம் அடிக்கலாமாம். அதில் என்ன லாபம் என்று நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். அம்மா ஒரு தடவை ஏழு மாத வயிற்றோடு ஆட்டியிருக்கிறார். அந்த வயிற்றில் இருந்தவன்தான் குணா. அவன் எல்லை தாண்டிப் பெண் தேடியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்படியானால் அன்றைக்கு மட்டும் டேங்கு எப்படிக் காலியானது?

அதற்குப் புதன்கிழமைதான் காரணம்.

கொரோனாவுக்குச் சில வருஷங்கள் முன்னால், எண்ணெய் விலை வாரா வாரம் மாறிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். புதன்கிழமை அறிவிப்பார்கள், நள்ளிரவிலிருந்து புது விலை. ஏறப்போகிறது என்று தெரிந்தால் போதும், மெர்கோங்கில் என் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேசனிலிருந்து சிவப்பு விளக்கு வரைக்கும் வரிசை நிற்கும். கைலியோடு வந்தவர், குளிக்காமல் வந்தவர், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்தவர் எல்லாரையும் அங்கே பார்க்கலாம். செமிலிங்கில் அப்பாவும் அப்படி ஒரு வரிசையில் நின்றுகொண்டிருப்பார். "வரிசையில நின்னு எரிச்சீங்களே, அந்த எண்ணெய்க்கு யாரு காசு குடுப்பா?" என்று அம்மா கேட்பார்.

பெண் பார்க்க அம்மா குறித்த நல்ல நாள் புதன்கிழமையாகப் போய்விட்டது. அப்பாவின் காப்பிக் கடைக் கூட்டாளி ஒருவர், "மாணிக்கம், இந்த வாரம் வெல கண்டிப்பா எறங்கும், எழுதி வச்சிக்க" என்று சொல்லிவிட்டார். போதாதா? சங்லுனில் வண்டி நிற்கவில்லை.

"நாளைக்குக் காலையில திரும்பி வரும்போது எறங்கின வெலையில அடிச்சிக்கலாம். போறதுக்கு இருக்கிறது போதும்" என்றார்.

போதுமாகத்தான் இருந்திருக்கும், பால்மரத்தைப் பார்த்துக் கை திரும்பாமல் இருந்திருந்தால்.

வேண்டாம் என்று சொல்லப் போனவர்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அன்றைக்குப் பெண் பார்க்க வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வந்தார்.

குணா ஏர்கண்டிசன் பொருத்துகிற வேலை செய்கிறான். எல்லைப் பக்கம் ஒரு கடைக்கு வேலைக்குப் போன இடத்தில் நொய் என்கிற இந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறான். அவளுடைய அம்மா சாலையோரத்தில் பலகாரக் கடை வைத்திருந்தார். நொய் அங்கேதான் நின்றாள். இரண்டு வருஷப் பழக்கம். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன், ஆனால் அப்பா சரி என்று சொல்லாமல் கட்ட மாட்டேன் என்று குணா சொல்லிவிட்டான். அவளும் அதையேதான் சொன்னாளாம். அதனால் அந்தக் கல்யாணம் முழுக்க முழுக்க அப்பாவின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு அவள் மேல் கோபம் எதுவும் இல்லை. அவர் பயம் வேறு.

"நாடு வேற, பாஷ வேற. வீட்டுக்கு வந்தா நான் அந்தப் பொண்ணுகிட்ட என்னத்தப் பேசறது? ஒரு தம்ளர் தண்ணி கேக்கணும்னாகூட நடுவுல ஒரு ஆள் வேணும். வயசான காலத்துல வீட்டுக்குள்ளயே ஊமையா உக்காரணுமா?"

குணா கைப்பேசியில் படம் காட்டினான். அப்பா பார்க்கவே மறுத்துவிட்டார். பார்த்தால் மனசு இளகிவிடும் என்று பயம்போல. அம்மாவும் நானும் நன்றாகப் பார்த்துவைத்திருந்தோம். அழகாகச் சிரிக்கிற பெண்.

குணா முதல் நாளே அங்கே போய்விட்டான். அப்பாவின் திட்டம் இதுதான்: போய் உட்கார்ந்து, மரியாதையாகக் காப்பி குடித்து, மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் இறங்கின விலையில் எண்ணெய் அடித்துக்கொண்டு வீடு திரும்புவது.

மோட்டாரில் வந்தவள்

காடி நின்ற இடத்துக்குத் திரும்புவோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா விசிறிக்கொண்டே, "கடன்காரன் மாதிரி காட்டுக்குள்ள கொண்டாந்து ஒளிச்சி வச்சிட்டீங்களே!" என்று புலம்ப ஆரம்பித்தார். அப்போது தூரத்தில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது.

ஒரு பெண் வந்து நிறுத்தினாள். தொப்பி, நீளக்கைச் சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர். மோட்டாரின் முன்கூடையில் கண்ணாடிப் போத்தல்கள், உள்ளே மஞ்சளாக எண்ணெய். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சாலையோரத்தில் மேசை போட்டு இப்படிப் போத்தலில் விற்பார்கள். அவள் தொப்பியைக் கழற்றி, இரண்டு கைகளையும் கூப்பினாள்.

அம்மா என் கையைக் கிள்ளினார். நொய்தான்! படத்தில் பார்த்த அதே சிரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. அவளும் எங்கள் படங்களைப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் தெரியாமல் நின்றவர் அப்பா ஒருவர்தான்.

இனி அவளோடு நடந்த பேச்சு முழுக்க, எல்லையின் இரண்டு பக்கமும் புழங்குகிற சந்தை மலாய். நான் தமிழில் தருகிறேன்.

"எண்ணெ வேணுமா, பாக்சிக்?" என்றாள். பெரியவர்களை மலாயில் கூப்பிடுகிற மரியாதைதான் அது.

"ஒரு போத்தல் என்ன வெல?"

அவள் சொன்னாள். அப்பா பாம்பை மிதித்தவர்போல் ஓரடி பின்னால் போனார். சங்லுன் விலையைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது.

"வேணாம். தாய்லாந்து எண்ணெ ஒரு சொட்டுகூட என் காடியில ஏறாது."

"இது தாய்லாந்து எண்ணெ இல்ல பாக்சிக், மலேசியா எண்ணெ. உங்க ஊர்லேர்ந்துதான் வருது."

எப்படி வருகிறது என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அப்பா போத்தலைத் திறந்து, விரலில் ஒரு சொட்டு விட்டு, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார்.

"நம்ம எண்ணெதான் சரசு!"

"ஆமா, மோந்து பாத்தா பாஸ்போட்டு தெரியுதாக்கும்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு உண்மையான ரோஷம் வந்தது. "எங்க ஊரு எண்ணெய எனக்கே ஒன்றரை மடங்கு வெலைக்கு விக்கிறியே, நியாயமா இது?"

"உங்க ஊர்லயே அடிச்சிட்டு வந்திருந்தா நான் எதுக்கு பாக்சிக் விக்கப்போறேன்?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். ஆனால் விட்டுவிடுகிற ஆளா? எதுக்கு இவ்வளவு கூட என்று கேட்டார். கொண்டுவந்தவனுக்குக் கூலி என்றாள். கூலி போக மீதி? வெயிலில் நின்று விற்கிறவளுக்கு. போத்தலைத் திருப்பிக் கொடுத்தால்? போத்தல் அம்மாவோடது, அதற்கும் விலைக்கும் சம்பந்தம் இல்லை. அப்பா சளைக்கவில்லை, அவளும் சளைக்கவில்லை. நின்றுகொண்டிருந்தவர்கள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அப்பா தோட்டத்துக் கடைக் கதையை ஆரம்பித்தார்.

சோடாப் போத்தலைச் சொன்னார், மண்ணெண்ணெயைச் சொன்னார், கொசுவைச் சொன்னார். சொந்த லாரியில் ஓசியில் வந்த சாமானுக்குத் தானே லாரி வாடகை கொடுத்ததைச் சொன்ன இடத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் அந்தக் கதைக்குச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! எழுந்து வந்து கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தார்.

"ஏங்க, அது பொண்ணுக்கு வாங்கினது!" என்று அம்மா பதறினார், அல்லது பதறியதுபோல நடித்தார்.

"பாவம், வெயில்ல வந்திருக்கு. ஒண்ணு எடுத்தா கொறஞ்சா போயிரும்?"

அவளும் அதை உரித்துப் பாதியை அப்பாவிடமே கொடுத்தாள். அந்த நேரம் நான் சிரிப்பை அடக்கிய பாடு எனக்குத்தான் தெரியும். கூடவே உள்ளுக்குள் பயம். குணாவின் வாழ்க்கையே அந்த மரத்தடியில் பேரம் பேசிக்கொண்டிருந்ததே!

கடைசியில் அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "சரி. சங்லுன் வெலைக்கே எடுத்துக்குங்க."

அப்பா புருவத்தைச் சுருக்கினார். "ஏன்? உனக்கு நட்டமாச்சே. எல்லாருக்கும் இப்படித்தான் குடுப்பியா?"

அவள் போத்தலைக் கையில் எடுத்தாள். அப்புறம், அதுவரை பேசாத தமிழில், குணாவிடம் படித்த தமிழில் சொன்னாள்.

"மாமாவுக்கு மட்டும்லா."

அப்பா அவளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கையிலிருந்த ஆரஞ்சுச் சுளையைப் பார்த்தார். அம்மா காடியிலிருந்து இறங்கி, சேலையை உதறிக்கொண்டே சொன்னார்.

"வீட்டுக்கு வந்தா என்னத்தப் பேசறதுன்னு கேட்டீங்களே. இவ்வளவு நேரம் என்னத்தப் பேசுனீங்க?"

அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். அவள் முதலில் சொன்ன விலையையே, ஒன்றரை மடங்கையே, எடுத்து நீட்டினார்.

"ஊருக்கு என்ன வெலயோ அதே வெலதான் எனக்கும். எனக்குன்னு தனி வெல வேணாம்."

அவள் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் இருந்திருந்தால் அவர் வருத்தப்பட்டிருப்பார். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். வெட்டின தண்ணீர்ப் போத்தலைப் புனலாக்கி, கைக்குட்டையை மடித்து அதில் வைத்து, எண்ணெயை வடிகட்டி ஊற்றினாள்.

"துணி போட்டு ஊத்துறா பாரு" என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல்.

அவள் மோட்டார் முன்னால் போனது, எங்கள் காடி பின்னால் போனது. கொஞ்ச தூரம் போனதும் அம்மா மெதுவாகக் கேட்டார்: "வேணாம்னு சொல்லிடுவீங்கதானே?"

"சும்மா வா சரசு. வழியப் பாத்து ஓட்ட வேணாமா?"

அன்று மாலை அவர்கள் வீட்டில்தான் குணா உண்மையைச் சொன்னான். நாங்கள் வராததைப் பார்த்ததும், "இன்னிக்குப் புதன்கெழம. அப்பா எண்ணெ அடிச்சிருக்க மாட்டாரு, பால்மரத்தப் பாத்துத் திரும்பியிருப்பாரு" என்று நொய்யின் அம்மா கடையில் விற்கிற எண்ணெய்ப் போத்தலை அவனே எடுத்திருக்கிறான். நொய்தான் பிடுங்கிக்கொண்டு, "நீ வந்தா அவர் உன்கிட்டதான் பேசுவாரு, நான் போறேன்" என்று கிளம்பினாளாம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கைப்பேசியில் செய்தி வந்தது. நள்ளிரவிலிருந்து எண்ணெய் விலை ஏறுகிறதாம்!

சிரித்துச் சிரித்து நொய்யின் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அப்பா மட்டும் மேசைமேல் இருந்த வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் எடுத்து, எழுந்து நின்று, அந்த அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். அதோடு சம்பந்தம் முடிந்தது. கல்யாணம் செமிலிங் கோயிலில் நடந்தது. மாப்பிள்ளைக் காடிக்கு அப்பாதான் எண்ணெய் அடித்தார், ஆட்டி ஆட்டி.

ஒரே பம்பில் இரண்டு விலை

இப்போது அப்பாவும் அம்மாவும் குணா வீட்டில், மெர்கோங்கில், எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். நொய் காலையில் புளுட்டும் கறியும் செய்து, தன் சின்னக் காடியில் அலோர் ஸ்டார் ஆபீஸ்களுக்குக் கொண்டுபோய் விற்கிறாள். புளுட் என்பது அந்த ஊர்ப் பசையரிசிச் சோறு. தமிழ் நன்றாகப் பேசுகிறாள். அம்மாவோடு சண்டை போடுகிற அளவுக்கே பேசுகிறாள்.

அப்பாவுக்குக் கண் ஆபரேசன் நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் அம்மா காடிச் சாவியை எடுத்து ஒளித்துவிட்டார். லைசன்ஸ் முடிகிற நேரம் வந்தபோது, "இனிமே எதுக்கு" என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் கண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது நொய் எண்ணெய் அடிக்க நிறுத்தினாள். நானும் பின் சீட்டில் இருந்தேன். அப்பா காலை நீட்டிக்கொள்ள அவளோடு கவுண்டருக்குப் போனார். கவுண்டர்ப் பெண் ஐசி கேட்டாள், அடையாள அட்டைதான். நம் நாட்டு ஐசி வைத்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை என்று வந்துவிட்டதே இப்போது. நொய்யிடம் ஏது ஐசி? கல்யாண விசாவில்தான் இன்னும் இருக்கிறாள். அவள் சத்தமில்லாமல் கூடின விலையைக் கட்டினாள்.

"நில்லு" என்றார் அப்பா. "எனக்கு என்ன வெல, ஒனக்கு என்ன வெல?"

அவள் சொன்னாள்.

"எப்பலேர்ந்து?"

"இது வந்ததுலேர்ந்து மாமா."

அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. காடியில் ஏறி உட்கார்ந்தார். "தொரைக்கும் எனக்கும் ஒரே வெல குடுத்த பம்பு பாப்பா அது" என்று என்னிடம் சொன்னார். "என் மருமகளுக்கு மட்டும் வேற வெலயா?"

நொய்தான் சமாதானம் சொன்னாள். "சட்டம் மாமா. சொந்த நாட்டு ஆளுக்குக் குடுக்கிறாங்க, அது சரிதானே. எங்கம்மா எண்ணெய்க்கு நீங்க ஒன்றரை மடங்கு குடுத்தீங்க. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சி."

அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் குணாவைப் பிடித்துக்கொண்டார். நீ உன் ஐசியில் அடித்துக் கொடுக்கக் கூடாதா என்று சத்தம். அவன் பாவம், கெடா முழுக்க வேலைக்கு ஓடுகிறவன். மாதத்துக்கு ஒருத்தருக்கு இவ்வளவுதான் என்று இருக்கிற பங்கு அவன் வேன் குடிக்கவே பத்தவில்லை.

"அப்ப என் பங்கு?" என்றார் அப்பா.

"லைசன்ஸ் இருக்கிறவங்களுக்குத்தான்பா."

மறுநாள் காலையில் பசியாறியதும் அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். நான்தான் லைசன்ஸ் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் அப்பாவின் நரைத்த தலையைப் பார்த்து, இன்னும் காடி ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். "பொண்டாட்டி சாவியக் குடுத்தா ஓட்டுவேன்" என்றார் அப்பா. லைசன்ஸ் கிடைத்துவிட்டது. சாவி கிடைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இப்போதெல்லாம் நொய் எண்ணெய் அடிக்கப் போகும்போது அப்பா முன் சீட்டில் இருப்பார், சட்டைப் பையில் ஐசியோடு. கவுண்டரில் அவர்தான் கார்டை வைப்பார், அவர்தான் காசும் கட்டுவார். எந்தக் காடி என்று கேட்டால், "அதோ, என் மருமக காடி" என்று ஸ்டேசனுக்கே கேட்கும்படி சொல்வார்.

போன வாரம் நானும் கூட இருந்தேன். பம்பு 'டக்' என்று நின்றது. "பொறு" என்றார் அப்பா. நான் இறங்கினேன், நொய்யும் வந்தாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் பார்க்க, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தச் சின்னக் காடியை ஆட்டினோம். அப்பா இன்னும் கொஞ்சம் அடித்தார்.

மூடியைப் பூட்டியதும் நொய் பணத்தை எடுத்து அவர் சட்டைப் பையில் வைக்கப் போனாள். அடித்த எண்ணெய்க்கு ஐசி இல்லாதவர்கள் கொடுக்கிற முழு விலை. "ஊருக்கு என்ன வெலயோ அதே வெலன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?" என்று வம்புக்கு நின்றாள்.

அப்பா அவள் கையைப் பிடித்து, பணத்தை அதிலேயே வைத்து மூடினார்.

"இது மருமகளுக்கு மட்டும்லா."